ஆடுகிறவன் உருப்பட மாட்டானா?



ஒவ்வோர் ஆண்டும் நம் பேரவை மலரில் மின்சாரச் சிக்கனம் பற்றி ஒரு கட்டுரை, சுயதொழில் பற்றி ஒரு கட்டுரை, அம்மாவைப் பற்றி நாலு கவிதை தவறாமல் வரும். நானும் 'சி.என்.சி. இயந்திரங்களும் எதிர்காலமும்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. எனக்குத் தெரியாததை எழுதி உங்களை ஏமாற்றுவானேன்? தெரிந்ததை, நான் பட்டதை எழுதுகிறேன் என்று மலர்க் குழுவிடம் சொன்னேன். "சரி, எழுது. ஆனா வழவழன்னு எழுதாதே" என்றார்கள்.

எனக்குத் தெரிந்தது ஆட்டம். நடனம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு 'ஆட்டம்' என்றுதான் பெயர். "ஆட்டம் போடறவன் எவன்டா உருப்பட்டிருக்கான்?" இந்தக் கேள்வியை அப்பா கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டு மாமா கேட்டிருக்கிறார், முதலாம் ஆண்டில் சில ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாகப் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போனேன். கல்லூரியை விட்டுப் போகும் முன்பு ஒரு தடவையாவது பதில் சொல்லிவிட்டுப் போவோம் என்றுதான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடுகிறவன் உருப்படுவான். ஆனால் சும்மா ஆடினால் உருப்பட மாட்டான். கற்றுக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து ஆடினால்தான் உருப்படுவான்.

முதல் மேடை

நான் ஒரகடம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருகிறவன். பத்தாவது முடித்து நேராக இங்கே மெக்கானிக்கலில் சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. வகுப்பில் கடைசி பெஞ்ச். யாராவது பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்லுவேன். டிராயிங் ஷீட்டை சாரிடம் காட்டுவதற்குப் பயந்து, முடித்த ஷீட்டையே காட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்தவன் நான்.

முதலாம் ஆண்டு மாணவர்களை வரவேற்கும் நாளில் சீனியர் அண்ணன்கள் ஒவ்வொருவராக மேடைக்கு இழுத்தார்கள். "உனக்கு இன்னாடா தெரியும்?" என்று கேட்டார்கள். வாயில் வந்தது, "டான்ஸ் அண்ணா". பொய் இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. முன்னால் ஆடுவேன். பாட்டைப் போட்டார்கள். நாலைந்து விநாடி ஆடியிருப்பேன். கூட்டத்தைப் பார்த்தேன். கால் நின்றுவிட்டது. பாட்டு ஓடுகிறது, நான் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறேன். விசில், கூச்சல், சிரிப்பு. இறங்கி வந்து கழிவறைக்குள் போய் அழுதேன். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

அன்று சாயங்காலம் மறைமலை நகர் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி இரண்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக ஆடுகிற கால், கதவைத் திறந்ததும் ஏன் ஆட மறுக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

வாத்தியார் சொன்ன பாடம்

அந்தக் கோடை விடுமுறையில் செய்யாறு பக்கம் இருக்கும் என் அம்மா ஊருக்குப் போனேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிகிற வரைக்கும் ஆட்டம். மார்பிலும் தோளிலும் கட்டைகளைக் கட்டிக்கொண்டு, தலையில் கிரீடத்தோடு, காலில் சலங்கையோடு ஒருவர் சுழன்று சுழன்று ஆடுகிறார். ஆடிக்கொண்டே பாடுகிறார், பாடிக்கொண்டே கட்டியக்காரனோடு வசனம் பேசுகிறார். மைக் இருந்தாலும் குரல் மைக்கை நம்பி இல்லை. சின்ன வயதில் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டே பார்த்த கூத்தை அன்றுதான் விழித்துக்கொண்டு பார்த்தேன்.

மறுநாள் அந்தக் கூத்து வாத்தியாரைத் தேடிப் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ராத்திரி துரியோதனனாக நின்றவர், காலையில் லுங்கியோடு திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் கதையைச் சொன்னேன். சிரித்தார். "நீ பாட்டுக்கு ஆடற தம்பி, தாளத்துக்கு ஆடல. கால்ல தாளம் நிக்கலைன்னா தலையில கிரீடம் நிக்காது" என்றார்.

அந்த விடுமுறையில் இருபது நாள் அவரிடம் போனேன். ஒரு பாட்டுகூட அவர் போடவில்லை. கையால் தட்டி, வாயால் சொல்லுவார். தகதிமி என்றால் நாலு. தகிட என்றால் மூன்று. தக தகிட என்றால் ஐந்து. ஏழும் ஒன்பதும் பிறகு வரும். ஒரே அடவை முதலில் மெதுவாக, பிறகு இரண்டு மடங்கு வேகத்தில், பிறகு நாலு மடங்கு வேகத்தில் போட வேண்டும். மெதுவாகப் போடுவதுதான் கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேகமாக ஆடினால் தப்பு தெரியாது. மெதுவாக ஆடினால் ஒவ்வொரு தப்பும் பல்லிளிக்கும்.

மேடையில் என் கால் ஏன் நின்றது என்பதற்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. டி.வி.யில் ஆடியவரைப் பார்த்து நான் காப்பி அடித்துக்கொண்டிருந்தேன். டி.வி. இல்லாத இடத்தில் எனக்குள்ளே எதுவும் இல்லை. தாளம் உள்ளே போன பிறகு, எதிரே ஆயிரம் பேர் இருந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கிறது.

ஃபிட்டிங் ஷாப்பில் கிடைத்த பதில்

இதெல்லாம் சரி, படிப்புக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

முதலாம் ஆண்டில் ஃபிட்டிங் ஷாப்பில் எனக்கு வி-ஜாயிண்ட் ஒரு தடவைகூட ஒழுங்காக வந்ததில்லை. எம்.எஸ். பிளேட்டை ராவி ராவி, ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சரிவு. நான் கையால் மட்டும் ராவிக்கொண்டிருந்தேன். நமது இன்ஸ்ட்ரக்டர் தினமும் சொல்லுவார்: "இடது காலை முன்னால வை. தோளும் இடுப்பும் சேர்ந்து போகட்டும். தள்ளும்போது மட்டும் அழுத்து, இழுக்கும்போது விட்டுடு." காதில் விழும், உடம்பில் ஏறாது.

விடுமுறை முடிந்து வந்து, பழைய பிளேட் ஒன்றை வைஸில் கட்டி ராவினேன். என்னை அறியாமலே மனசுக்குள் தகதிமி ஓடியது. தள்ளும்போது இரண்டு, இழுக்கும்போது இரண்டு. கால் தானாக இடம் பிடித்தது. அரம் ஆடவில்லை. ஸ்கொயரை வைத்தால் வெளிச்சம் தெரியவில்லை. இன்ஸ்ட்ரக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் பண்ணிக் கொடுத்தா?" என்று கேட்டார். அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அந்தச் சந்தேகம்தான்!

நடனம் தெரிந்தவனுக்கெல்லாம் ஃபிட்டிங் வந்துவிடும் என்று சொல்லவில்லை. உடம்பை ஒழுங்காக நிறுத்தத் தெரிவது எல்லாக் கைத்தொழிலுக்கும் பொதுவான பாடம் என்கிறேன். வெல்டிங்கில் கை நடுங்கக் கூடாது, லேத்தில் கவனம் சிதறக் கூடாது. நம் படிப்பு பாதி மூளையில் இருக்கிறது, பாதி உடம்பில் இருக்கிறது. அந்தப் பாதி உடம்புக்கு நமக்கு யார் பாடம் நடத்துகிறார்கள்?

இன்னொரு லாபம், பேச்சு. வளாகத் தேர்வுக்கு வந்த முதல் கம்பெனியில் நான் தேறவில்லை. இரண்டாவதில் தேறினேன். இரண்டிலும் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னேன். பேர் கேட்டால் தரையைப் பார்த்த பையனுக்கு அது சின்ன விஷயமில்லை.

உருப்பட்டவர்கள் யார்?

"ஆடி உருப்பட்டவன் எவன்?" என்று கேட்டார்களே, அதற்கும் சிலரைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வக்கீல். கல்லிடைக்குறிச்சியில் 1897-ல் பிறந்த இ. கிருஷ்ண ஐயர். சென்னையில் வக்கீல் தொழில், சுதந்திரப் போராட்டத்தில் சிறை. நாட்டியம் என்றாலே படித்தவர்கள் முகம் சுளித்த காலத்தில், அவரே சதிர் ஆட்டம் கற்று, பெண் வேடமிட்டு மேடையேறி, "இது கலை, இதை அழிக்காதீர்கள்" என்று வாதாடினார். அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள். 1931-ம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி மேடையில் அந்த மரபைச் சேர்ந்த கல்யாணி மகள்களின் நாட்டியம் நடந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று 'பரதநாட்டியம்' என்று உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுவதைத்தான் அன்று ஊரே ஏசியது.

அடுத்து, மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ். திருநங்கை. சின்ன வயதிலேயே வீட்டிலும் வெளியிலும் அவர் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. எனக்கு ஒரு மேடையில் ஐந்து நிமிடம் கூச்சல் கேட்டதற்கே ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தெருவில் நடந்தாலே கூச்சல். தோழி சக்தியும் அவருமாக, சினிமாவில் பார்த்த ஆட்டத்தைத் தாங்களாகவே ஆடிப் பழகினார்கள். அதோடு நிற்கவில்லை. தஞ்சாவூர் நால்வர் வழியில் வந்த கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனார்கள். அவர் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. காத்திருக்க வைத்துத்தான் சேர்த்துக்கொண்டார். 'நர்த்தகி' என்ற பெயரே அந்தக் குரு கொடுத்ததுதான். 2011-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது, 2019-ல் பத்மஸ்ரீ. பத்ம விருது பெற்ற முதல் திருநங்கை அவர். 2021-ல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் உறுப்பினரானார். ஊர் ஒதுக்கிய ஒருவரை அரசுக்கு ஆலோசனை சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோனது எது? ஆட்டம்தான். ஆட்டம் என்றால், குரு வீட்டு வாசலில் காத்துக் கிடந்து கற்ற ஆட்டம்.

அதே 2019-ல் பத்மஸ்ரீ வாங்கிய இன்னொருவர் பெயரைச் சொன்னால் நீங்கள் விசில் அடிப்பீர்கள். பிரபுதேவா! அவர் கால் எலும்பு இல்லாதது மாதிரி வளைகிறதே, அது பிறவி வரம் என்று நாம் நினைக்கிறோம். அவர் முறையாகப் பரதநாட்டியம் கற்றவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'மின்சார கனவு' படத்தின் நடன அமைப்புக்குத் தேசிய விருதும் வாங்கினார். வளைகிற காலுக்குப் பின்னால் நேராக நின்று பழகிய கால் இருக்கிறது.

கடைசியாக, நமக்குப் பக்கத்து ஊர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990-ல் கூத்துக் கலைஞர்களே சேர்ந்து தொடங்கியது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவரான பெ. ராஜகோபால், பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூத்துக்குப் போனவர். தனக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் கூத்தாடும் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று, 2002-ல் அங்கே ஒரு குருகுலம் தொடங்கினார்கள். படிப்பும் உண்டு, கூத்தும் உண்டு. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் அங்கே பெண் பிள்ளைகளும் வேடம் கட்டி, விடிய விடிய ஆடினார்கள். 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. ஆனாலும் பதினெட்டு ஆண்டுகள் அது ஒன்றை நிரூபித்துக் காட்டியது: படிப்பா, ஆட்டமா என்று கேட்பதே தப்பு. படிப்பும் ஆட்டமும் என்று கேட்க வேண்டும்.

என் நண்பனின் பறை

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமானது.

இரண்டாம் ஆண்டில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து, வகுப்பு முடிந்ததும் விடுதி மொட்டை மாடியில் பழக ஆரம்பித்தோம். அதில் எலக்ட்ரிக்கல் படிக்கும் நண்பன் ஒருவன். ஆடுவதைவிடத் தாளம் போடுவதில் கெட்டிக்காரன். தண்ணீர் டிரம் மூடியைக் கவிழ்த்து இரண்டு குச்சியால் அவன் தட்டினால், எங்கள் கால் தப்பு பண்ணாது. "எங்கடா கத்துக்கிட்டே?" என்று கேட்டால் "சும்மாதான்" என்பான்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், எல்லோரும் போன பிறகு சொன்னான். "எங்க அப்பா பறை அடிக்கிறவரு. ஞாயித்துக்கிழமை சாவு விழுந்தா நானும் போவேன். கிளாஸ்ல சொல்லிடாதடா."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. 'சாவு மோளம்' என்று கிண்டல் பண்ணிச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. அவனும் எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறான். அது எப்பேர்ப்பட்ட சிரிப்பு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஆண்டு கல்லூரி விழாவில் பறையாட்டம் வைக்கலாம் என்று கேட்டோம். சிலர் முகம் சுளித்தார்கள். "காலேஜ் பங்ஷன்ல அது எதுக்குப்பா? நல்ல பாட்டா ஒண்ணு ஆடுங்க" என்றார்கள். பேரவைத் தோழர்கள் பிடிவாதமாக நின்றதால் பத்து நிமிடம் கிடைத்தது. என் நண்பன்தான் முதலில் மறுத்தான். அவனை இரண்டு வாரம் கெஞ்சினோம். கெஞ்சியபோது ஒன்றைப் புரிந்துகொண்டேன். மேடையேற எனக்குக் கூச்சம்தான் தடை. அவனுக்குத் தடை வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைக்கக் கூடாது.

விழா அன்று கேண்டீன் பின்னால் பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினோம். சூட்டில் தோல் இறுகினால்தான் ஓசை கணீரென்று வரும். ஒன்பது பேர் ஆடினோம். நடுவில் அவன். தொடங்கி ஒரு நிமிடத்தில் முன் வரிசை எழுந்தது, மூன்றாவது நிமிடத்தில் மைதானமே எழுந்தது. அவன் அப்பா வந்திருந்தார். கடைசி வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் உட்காரவில்லை. முடியும் வரைக்கும் நின்றுகொண்டே பார்த்தார்.

மறுநாள் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்ட இரண்டு பேர் இன்றும் பேசுவதில்லை. ஆனால் அவன் இப்போது யாரிடமும் "சொல்லிடாதடா" என்று சொல்வதில்லை. 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள் அல்லவா? அந்தச் செய்தியை என் நண்பன் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறான்.

ஆட்டத்தால் நான் வளர்ந்தேன் என்று சொன்னால், கூச்சம் போனதை மட்டும் சொல்லவில்லை. என் பக்கத்தில் ஆடுகிறவன் யார் என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். கூட்டாக ஆடும்போது பக்கத்தில் இருப்பவன் கால் தப்பினால் உன் ஆட்டமும் கெடும். அங்கே உயர்ந்த கால், தாழ்ந்த கால் கிடையாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

என் பக்கமே பேசிக்கொண்டிருந்தால் நடுநிலை ஆகாது. மூன்றாவது செமஸ்டரில் விழாவுக்குப் பத்து நாள் முன்பு வகுப்பை வெட்டிவிட்டுப் பழகினேன். விளைவு? ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் அரியர். அப்பா மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் நைட் ஷிப்ட் போய்விட்டு வந்து, தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு நடனத்தைக் குறை சொல்ல முடியாது. பத்து நாளில் ஆடிவிடலாம் என்று நினைத்த என் புத்தியைத்தான் குறை சொல்ல வேண்டும். பத்து நாளில் கற்பது ஆட்டமும் ஆகாது, பத்து நாளில் படிப்பது படிப்பும் ஆகாது. அடுத்த முறை அந்த அரியரை எழுதித் தேறினேன்.

இன்னும் சில உண்மைகள். நம் விழா மேடையில் சில பாட்டுகளைப் போட்டதும் அடிதடி வருகிறது. சாதிப் பெருமை பேசும் பாட்டு ஒரு கோஷ்டிக்கு, அதற்குப் பதில் பாட்டு இன்னொரு கோஷ்டிக்கு. இது நடனமா? நடனத்தின் பேரால் நடக்கும் வம்பு. ரீல்ஸ் போடுவதற்காக ஓடும் மின்சார ரயில் வாசலில் தொங்கி ஆடுவதும் அப்படித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தில் ஆடத் தெரியாதவன்தான் ரயிலில் ஆடுகிறான்.

அப்புறம் நம் தோழியர். எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் ஒரு தோழி இருக்கிறார். எங்கள் ஒன்பது பேரையும்விட நன்றாக ஆடுவார். ஆனால் மூன்று ஆண்டும் அவருக்குக் கிடைத்தது வரவேற்பு நடனம் மட்டுமே. சாயங்காலம் பழக நின்றால் இருட்டிவிடும், கம்பெனி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நெருக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், வீட்டில் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலையாக அவர் ஆட்டத்தை நாம் இழப்பது நியாயமா? நமக்கு மொட்டை மாடி கிடைத்தது. அவருக்கு எந்த இடம் கிடைத்தது?

என் வேண்டுகோள்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. வரப்போகும் பேரவைக்கு என் சிறிய மூளைக்கு எட்டிய யோசனைகள்:

1. விழாவுக்குப் பத்து நாள் முன்பு பழகுவதை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு நாள், மதிய இடைவேளையில் அரை மணி நேரம் பழகலாம். மதியம் என்றால் தோழியரும் வர முடியும்.

2. அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களை மேடையேற்றக் கூடாது. அதே நேரத்தில், குழுவில் அரியர் உள்ளவர்களுக்குக் குழுவே சேர்ந்து பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் பறை நண்பன்தான்.

3. ஆண்டுக்கு ஒரு கூத்து வாத்தியாரையோ பறை ஆசானையோ அழைத்து ஒரு வாரம் கற்க வேண்டும். சும்மா பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. பேரவை நிதியிலிருந்து கூலி கொடுக்க வேண்டும். கலைஞருக்கும் வயிறு உண்டு.

4. எந்தச் சாதிப் பாட்டுக்கும் மேடை கிடையாது என்று பேரவையே தீர்மானம் போட வேண்டும்.

5. ஆண்டுச் சுற்றுலா என்று தீம் பார்க்குக்கே போகிறோம். நம் மாவட்டத்திலேயே மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கிறது. ஒரு தடவை அங்கே போய்ப் பார்க்கலாமே?

முடிவாக...

தோழர்களே! நாம் படிக்கும் இந்த ஊர் கம்பெனிகளால் வளர்ந்த ஊர். கம்பெனி வரும், போகும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் வந்தது, 2014-ல் மூடியது. நம் மறைமலை நகரில் ஃபோர்டு 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது, 2024-ல் திரும்ப வருவதாக அறிவித்தது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ரோபோ கை வெல்டிங் பண்ணுவதை இண்டஸ்ட்ரியல் விசிட்டில் நாம் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். அது களைப்பில்லாமல் வேலை செய்யும். ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் முகம் வாடியிருந்தால் அதற்குத் தெரியாது.

நாளைக்கு நாமும் ஷிப்ட் ஷிப்டாக நின்று வேலை செய்யப் போகிறவர்கள். பன்னிரண்டு மணி நேரம் நம் உடம்பைக் கம்பெனி வாங்கிக்கொள்ளலாம். மிச்ச நேரத்திலாவது அந்த உடம்பு நம்முடையது என்று தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு அதைத் தெரியவைத்தது நடனம். உங்களுக்கு அது கபடியாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், ஓவியமாக இருக்கலாம். ஏதாவது ஒன்றை முறையாக, மெதுவாக, ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் தாழ்மையான கருத்து.

தனித்தமிழுக்காகவே வாழ்ந்த மறைமலை அடிகள் பெயரால் அமைந்த ஊரில் இருந்துகொண்டு, இத்தனை ஆங்கிலச் சொற்களைக் கலந்து எழுதியதற்கு அடிகளார் மன்னிப்பாராக! ஃபிட்டிங் ஷாப்பை எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

அப்பா இப்போதும் "ஆட்டம்" என்றுதான் சொல்கிறார். ஆனால் போன மாதம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், "நம்ம பையன் காலேஜுல ஆடினான், ஊரே எழுந்து நின்னுச்சாம்" என்று சொன்னாராம். அந்தப் பக்கத்து சீட்காரர் என் வகுப்புத் தோழனின் அப்பா. அதனால் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இருக்க வேண்டாம் தோழர்களே!

வளர்க மாணவர் ஒற்றுமை!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மெக்கானிக்கல் பிரிவு